ஒளிச்சிதறல், பாலிமர் கரைசல்களில்

கரைசலிலுள்ள நெடிய மூலக்கூறுச் சங்கிலிகள்மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் செறிவையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு அவற்றின் எடை, அளவு, அசைவு ஆகியவற்றைக் கணிக்கும் முறை.

கூழ்மங்களில் ஒளி சிதறுவதை டிண்டால் 1869இல் ஆராய்ந்தார். ஐன்ஸ்டைன் 1910இல் பாய்மங்களுக்கான கோட்பாட்டை வகுத்தார். சிதறலைச் சவ்வூடு அழுத்தத்தோடு இணைத்து சி. வி. இராமன் 1927இல் கல்கத்தாவிலிருந்து எழுதினார். சில நூல்கள் அவரை முன்னோடியாகக் குறிக்கின்றன. பல நூல்கள் டிபையின் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றன.

சென்னையின் கிண்டிக்கு இவ்வரலாற்றில் உள்ள தொடர்பு சுற்றுவழியானது. ஜி. என். இராமச்சந்திரன் பெங்களூரில் இராமனின் மாணவராயிருந்தபோது, லைக்கோபோடியம் தூள் உண்டாக்கும் ஒளி வளையங்களை ஆராய்ந்து 1943இல் கட்டுரை வெளியிட்டார். வளையங்கள் சீராக இராமல் பொடிப்பொடியான வெளிச்சப் புள்ளிகளாக உடைந்திருக்கும். அவற்றின் செறிவு ரேலேயின் நிகழ்தகவு விதிக்கு உட்படுவதை அவர் காட்டினார். துகள்கள் அசையாவிட்டால் புள்ளிகளும் அசையா. துகள்கள் அலைந்தால் புள்ளிகள் மினுமினுக்கும். பின்னாளைய இயங்கு ஒளிச்சிதறல் அளப்பது இந்த மினுமினுப்பையே.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு வந்த இராமச்சந்திரன், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். கொலாஜன் என்ற புரதம் மூன்று சங்கிலிகளாலான சுருள் என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் அறிவித்தார். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி ரிச், கிரிக் இருவரும் மாறுபட்டனர். தோல் நிலையத்தின் அரங்கத்துக்கு இன்று ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’ (முச்சுருள்) என்றே பெயர்.

எக்ஸ் கதிர் காட்டியது இழையை. கரைசலில் கொலாஜனின் நிலையைப் போட்கரும் டோட்டியும் 1956இல் ஒளிச்சிதறல் உள்ளிட்ட முறைகளால் கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கெண்டை மீனின் காற்றுப்பை. மூலக்கூறு எடை ஏறத்தாழ 3,45,000; நீளம் 3,000 ஆங்ஸ்ட்ராம்; தடிமன் 14 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு. சூடாக்கினால் அந்த விறைத்த கோல் அவிழ்ந்து ஒழுங்கற்ற சங்கிலிகளாகிவிடும்.

சங்கிலியின் அசைவை மணிகளும் சுருள்வில்களுமாக உருவகித்து ரௌஸ் 1953இலும் சிம் 1956இலும் கோட்பாடு தந்தனர். 1964இல் பெக்கோரா மூலக்கூறுகளின் அசைவை ஒளிச்சிதறலோடு பொருத்தினார்; அதே ஆண்டு கம்மின்ஸ் குழுவினர் லேசர் கொண்டு நீரில் பாலிஸ்டைரீன் துகள்களின் பரவலை அளந்தனர். சிறு கோணத்தில் முழுச் சங்கிலியின் நகர்வு தெரியும். சங்கிலி போதிய நீளமாயின், பெருங்கோணத்தில் அதன் உள்நெளிவுகளும் சேரும். ஒரு தூசி குறுக்கிட்டாலும் அளவீடு கெடும் என்பதால் கரைசலை நுண்துளை வடிகட்டியில் வடிப்பது வழக்கம். அளவீட்டில் வெப்பநிலையும் கவனத்துக்குரியது: பாலிஸ்டைரீன் சங்கிலி சைக்ளோஹெக்சேனில் விரியவும் சுருங்கவும் முனையாத வெப்பநிலை சுமார் 34.5 டிகிரி செல்சியஸ்.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் கூழ்மங்களும் நுண்கூழ்களும் ஒளிச்சிதறல் முறையால் ஆராயப்பட்டுள்ளன.