கையெழுத்திட்டவரும் வரைந்தவரும்

1951-இல் வெளியான ‘எ பிளேஸ் இன் தி சன்’ படத்தில் எலிசபெத் டெய்லர் அணிந்த வெள்ளை நடன உடையின் நகல்கள் அமெரிக்கக் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. தோள்பட்டி இல்லாத மேலுடை, அதை மூடிய சின்னஞ்சிறு வெண்ணிற வயலட் பூக்கள், இடுப்பிலிருந்து விரியும் வலைத்துணிப் பாவாடை. அதற்கான ஆஸ்கர் ஈடித் ஹெட்டுக்குப் போனது. அவர் பெற்ற எட்டு ஆஸ்கர்களில் அதுவும் ஒன்று.

இப்படியோர் உடையின் கோட்டோவியத்தில் மேலுடை தானாகவே நிற்கும். துணியிலோ அது நழுவும். உள்ளே கம்பிகள் வைத்து, உடம்பின் அளவுக்கு மறுபடி மறுபடி திருத்தி, பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் தைத்தால்தான் நிற்கும். அந்த வேலை எதையும் ஓவியம் காட்டாது. தாளின் ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எப்படி உருவானது என்பதுதான் சுவாரசியம். 1920களில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஈடித், பாரமவுண்ட் ஸ்டூடியோவில் ஓவியர் வேலை கேட்டுப் போனபோது உடன்படித்தவர்களின் ஓவியங்களைத் தன்னுடையவை என்று காட்டினார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1938-இல் அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அதுவரை ஆண் ஒருவர் அமர்ந்திருந்த நாற்காலி அது. அந்தத் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் அடுத்தவர் வேலைமேல் தன் பெயரை எழுதும் பழக்கம் அந்த முதல் நாளோடு நிற்கவில்லை. ‘சப்ரினா’வில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்தவற்றில் சில பாரிஸின் ஜிவான்ஷி வடிவமைத்தவை, 1955-இல் ஆஸ்கரை ஈடித் மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஜிவான்ஷிக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவருக்குச் சொந்தக் கடையும் பெயரும் இருந்தன. வரலாறு அவரைத் தேடி வந்து திருத்திக்கொண்டது. ஸ்டூடியோவுக்குள் சம்பளத்துக்கு வரைந்த பெண்களின் கதை வேறு. ஈடித் வாயால் விவரிக்க, அவர்கள் உருவம் கொடுத்தார்கள். கிரேஸ் ஸ்ப்ராக் அவர்களில் ஒருவர். ஹிட்ச்காக் படங்களின் உடைகளுக்கும் அவர் வரைந்திருக்கிறார். ஸ்டூடியோவில் இது திருட்டல்ல, நடைமுறை. சமையல் யாருடையதானாலும் பந்தி வைத்தவர் பெயர் நிற்பதுபோல.

இன்று அந்தத் தாள்கள் ஏலத்துக்கு வரும்போது ஈடித் ஹெட் என்ற பெயரில்தான் விலை போகின்றன. ஸ்ப்ராக்கின் பெயர் விவரக்குறிப்பில் எப்போதாவது தலைகாட்டும். வயலட் பூக்களைத் தைத்தவர்களின் பெயர் அங்கும் இல்லை.