தோட்டத்துப் பெண்ணும் ஐம்பதாவது வயதும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை மாதத்து விடியற்பொழுதில் அங்கே புல் நுனியில் உறைபனி படிவதும் உண்டு. அத்தகைய குளிரில், 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பராவிலே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்க, நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி நடுநிசியில் போர்வையை வீசி எறிந்துவிட்டு எழுந்து உட்காருகிறாள். மார்பிலிருந்து முகம் வரை நெருப்பு ஏறினாற்போல் ஒரு வெப்பம். வியர்வை சட்டையை நனைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இன்னதென்று சொல்ல இயலாத ஓர் அச்சம் மனத்தைக் கவ்வுகிறது. அதன் பின் உறக்கமில்லை. விடிந்ததும் பெரட்டுக் களத்துக்கு அவள் போயாக வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இப்படி நேர்வது உலகெங்கும் உள்ளதே. பிரான்சு நாட்டு மருத்துவர் கார்டான் 1821ஆம் ஆண்டில் இப்பருவத்துக்கு வழங்கிய பெயரையே இன்றும் மேனாட்டு மருத்துவர் ஆளுகின்றனர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அவர்கள் இதற்குச் செய்த பண்டுவங்களுள் அட்டை விட்டு இரத்தம் எடுப்பதும் ஒன்று. தேயிலைச் செடிகளுக்கிடையே நாள்தோறும் கூலியின்றியே அட்டைக்கு இரத்தம் கொடுத்துவந்த நம் பெண்கள் இதைக் கேட்டால் நகைக்காமல் இரார்.

கோப்பிக் காலத்தில் தோட்ட வேலை பருவ வேலையாக இருந்தது. வந்தோரில் ஆண்களே மிகுதி. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை மெல்ல மெல்ல அழித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் நிலைத்திருக்க வேண்டியதாயிற்று. கொழுந்து பறிக்கும் வேலை பெண்களின் கைக்கு வந்தது. தோட்டத்தின் வருவாய் அவர்களது விரல் நுனியில் நின்றது என்றால் மிகையாகாது.

அந்தப் பெண்களின் உடல்நலத்தைச் சட்டம் எப்படி நோக்கியது என்பதே இங்கு நாம் ஆராய வேண்டியது. தோட்ட ஆட்களின் மருத்துவத் தேவை குறித்த சட்டம் முதலில் 1872இல் பிறந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் இருப்பிடமும் அளிப்பதைத் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. 1939இல் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. பிள்ளைக்காம்பராவும் மருத்துவிச்சியும் பிரசவ அறையும் இவ்வழியிலே தோன்றியவை. இவற்றால் விளைந்த நன்மையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் இவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். கருவுற்றவளையும் பிள்ளை பெற்றவளையும் சட்டம் கண்டது. கருத்தடைத் திட்டங்கள் வந்த பின்னர், இனிப் பிள்ளை வேண்டாம் என்றவளையும் கண்டது. மாதவிடாய் நின்றவள் எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த தலைமுறைத் தொழிலாளியை அவள் இனிப் பெற்றுத் தரப்போவதில்லை என்பதால் போலும்!

ஏடுகளில் அவளைத் தேடுவோர் மருத்துவப் பதிவேட்டை விட்டுச் செக்ரோலைத்தான் புரட்ட வேண்டும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். உறக்கமிழந்த இரவுக்குப் பின் மலையேறிய பெண்ணின் கை தளர்ந்தால், அதைத் தராசு காட்டிவிடும். காரணத்தைத் தராசு காட்டாது. கங்காணியிடம் அதைச் சொல்ல நாணம் தடுக்கும். பெரும்போக்கு மிகுந்த நாளிலோ துன்பம் இருமடங்கு. மலையில் ஒதுங்குவதற்கு மறைவிடம் கிடையாது. இடுப்பில் கட்டிய படங்கே அவளுக்கு மானங் காத்தது.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. அதன்படி ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் தம் பணத்தைப் பெறலாம். உடல் மாறும் அதே வயதைப் பணக் கணக்கு இவ்வாறு குறித்து வைத்திருப்பது வியப்புக்குரிய தற்செயல். அப்பணத்தில் மகளின் கலியாணத்தை நடத்திவிட்டு, மறுபடியும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் சென்ற பெண்கள் பலர். ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளமே 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் அவர்களுக்குக் கிட்டியது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

இனி, மேனாடுகளில் இத்துன்பத்துக்கு மருந்து கண்ட வரலாற்றுக்கு வருவோம். சூலகத்தில் சுரக்கும் ஓமோனை 1923இல் அலன், டொய்சி என்னும் அமெரிக்கர் இருவர் இனங்கண்டனர். 1929இல் அது தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரெமரின் என்னும் மாத்திரை 1940களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. குறைந்துபோன ஓமோனை வெளியிலிருந்து ஈடு செய்வதே இச்சிகிச்சை. 1966இல் றொபேட் வில்சன் என்ற மருத்துவர், என்றும் இளமை என்னும் பொருள்பட ஒரு நூல் எழுதி, இம்மாத்திரையைக் கிட்டத்தட்ட அமுதமாகவே புகழ்ந்தார். ஒன்பது ஆண்டுகளில் அப்புகழ் மங்கியது. ஈஸ்திரோஜனைத் தனியே உண்டவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் மிகுவதை 1975இல் ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்க்குப் புரோஜெஸ்திரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது.

அடுத்த அதிர்ச்சி 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வொன்று இடையிலே நிறுத்தப்பட்டது. இரு ஓமோன்களையும் சேர்த்து உண்டவர்களில், ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேரில் 8 பேருக்கு மேலதிகமாக மார்புப் புற்றுநோய் கண்டது. பக்கவாதமும் இரத்தக் கட்டியும் சற்றே கூடின. இடுப்பெலும்பு முறிவோ குறைந்திருந்தது. செய்தி பரவியதும் பல நாட்டுப் பெண்கள் மருந்தைக் கைவிட்டனர். ஆனால் அவ்வாய்வில் பங்குகொண்டோரின் சராசரி வயது 63. அறுபது வயதுக்கு உட்பட்டவர்க்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாதவர்க்கும் இம்மருந்தின் நன்மை பெரும்பாலும் தீமையினும் மிகுதி என்று பின்னைய ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

அச்சத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் இம்மருந்து பயன்படுமா? வெப்ப அலையையும் இரவு வியர்வையையும் அடக்குவதில் இதற்கு இணையான மருந்து அரிது. உறக்கம் திரும்பினால் கலக்கமும் பலருக்குத் தணிகிறது. எனினும் மனக்கலக்கத்துக்கென்றே தனியாகக் கொடுக்கப்படும் மருந்தன்று இது. பிரித்தானியாவில் 2015இல் வெளியான மருத்துவ வழிகாட்டி, இப்பருவத்தின் மனச்சோர்வுக்கு ஓமோனை எண்ணிப் பார்க்கலாம் என்றது. கலக்கத்துக்கு எண்ணத்தையும் நடத்தையையும் நெறிப்படுத்தும் உரையாடற் சிகிச்சையையும் கூறிற்று.

இங்கே மலையகத்துக்கு மீள்வோம். இம்மருந்தை எழுதிக் கொடுக்குமுன் மருத்துவர் இரத்த அழுத்தம் அளக்க வேண்டும். மார்பைச் சோதிக்க வேண்டும். புற்றுநோய், இரத்தக் கட்டி முன்பு இருந்தனவா என வினவ வேண்டும். தோட்ட மக்கள் 'டாக்டர் ஐயா' என்று மரியாதையுடன் அழைத்தவரோ பல தோட்டங்களில் மருந்து கலப்பவர் அல்லது உதவி வைத்தியர். இத்தகைய சிகிச்சைக்கு அவரது டிஸ்பென்சரி இடமாக முடியாது. அன்றியும், தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை மிகுதி. படபடப்பு அதனாலும் வரும். தைரொயிட் சுரப்பியின் கோளாற்றாலும் வரும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் மறுபடி உதிரம் கண்டால் அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் 'வயசுக் கோளாறு' என்னும் ஒரே மூட்டைக்குள் கட்டி வைத்ததில் எத்தனை நோய்கள் காலங் கடந்து வெளிப்பட்டனவோ!

அந்த மூட்டையை அவிழ்க்க ஒரு வழி 1996இல் பிறந்தது. பெண்ணின் உடல்நலம் பிரசவத்தோடு முடிவதன்று என்று 1994இல் கெய்ரோ மாநாடு வற்புறுத்திய பின், இலங்கையின் குடும்ப சுகாதாரப் பணியகம் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கிற்று. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் அங்கே இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்துத் துன்பங்களையும் சொல்லலாம். கர்ப்பிணி அல்லாத பெண்ணை அரசு மருத்துவம் அவள் பொருட்டாகவே அழைத்த அழைப்பு அது.

அழைப்பு லயத்துக்கு வந்து சேர்ந்தாலும், அதை ஏற்பது எளிதன்று. மேல் டிவிசனிலிருந்து தெருவுக்கு இறங்கி, பஸ் பிடித்து, சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கோ டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ போய் வருவதில் ஒரு பகல் கழியும். மலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. ஆகையால் முதலில் வந்தவர்கள், குடும்பநல மாது லயத்தில் படியேறி வந்து இரண்டு மூன்று முறை சொன்ன பிறகே வந்தார்கள். அதுவும் பெரும்பாலும் பக்கத்துக் காம்பராப் பெண்ணையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.