புத்தளம் மக்கள் எங்கே இடம்பெயர்ந்தார்கள்?

கற்பிட்டிக் குடாநாட்டிலே குறிஞ்சிப்பிட்டி என்றோர் ஊர் உண்டு. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே மணல். திணை வகுத்த புலவர்கள் வந்து பார்த்தால் நெய்தல் என்றே எழுதிச் செல்வார்கள். ஊர்ப்பெயரோ குறிஞ்சியில் தொடங்குகிறது. முன்னால் நிற்கும் அடைமொழியை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை நான் கற்றதும் இங்கேதான். ஆனால் அது ஊர்ப்பெயரால் வந்த பாடமன்று. நான் எழுதிய ஒரு செய்தித் தலைப்பால் வந்தது.

1990 ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை அவர்களது சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். மாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அக்கரையோரத்து மக்கள் தம் கிணற்று நீரையும் தென்னந்தோப்பு நிழலையும் பள்ளிக்கூடங்களையும் வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

இதன் பின்னர் சில ஆண்டுகள் கழித்து, கொழும்பில் ஒரு பத்திரிகையில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, நிவாரணம் பற்றிய ஆங்கில அறிக்கையொன்று என் மேசைக்கு வந்தது. 'டிஸ்பிளேஸ்ட் பீப்பிள் இன் புத்தளம் டிஸ்ட்ரிக்ட்' என்பது அதிலிருந்த தொடர். அச்சுக்குப் போகும் அவசரத்தில் நான் இட்ட தலைப்பு: 'இடம்பெயர்ந்த புத்தளம் மாவட்ட மக்களுக்கு நிவாரணம்'. செய்தி ஆசிரியரும் பார்த்தார், ஒப்புநோக்குநரும் பார்த்தார். ஒருவருக்கும் பிழை தெரியவில்லை.

பிழை தெரிந்தது குறிஞ்சிப்பிட்டியில். அடுத்த முறை அப்பக்கம் செய்தி சேகரிக்கப் போனபோது, முதியவர் ஒருவர் மடித்து வைத்திருந்த அந்தப் பத்திரிகையை எடுத்து வந்தார். "தம்பி, நாங்க எங்க இடம்பெயர்ந்த? பிறந்த ஊர்லதானே இருக்கிறம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. தலைப்பைப் படித்த உள்ளூர்வாசிகள் சிலர் கிராம சேவையாளரிடம் போய்த் தங்களுக்கும் நிவாரணம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். முகாமில் இருந்தவர்களோ தங்களுக்குரியது ஊராருக்குப் போகிறது என்று அஞ்சியிருக்கிறார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரு சாராருக்கிடையே இரண்டு நாள் பேச்சு வார்த்தை குறைந்திருக்கிறது. நான் எழுதியது ஏழு சொற்கூடத் தேறாத ஒரு வரி!

ஆங்கிலத் தொடரில் குற்றமில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கை உண்டு. 'டிஸ்பிளேஸ்ட்' இடப்பக்கம் அமர்ந்தது. 'இன் புத்தளம்' வலப்பக்கம் அமர்ந்தது. தமிழ்ப் பெயர்ச்சொல்லுக்கோ ஒரு பக்கம்தான். அடை யாவும் முன்னாலேயே வரிசையில் நிற்க வேண்டும். யார் பெயரை ஒட்டி நிற்கிறார், யார் தள்ளி நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். 'புத்தளம் மாவட்டத்திலுள்ள இடம்பெயர்ந்த மக்கள்' என்று வரிசையை மாற்றியிருந்தால் போதும்.

ஆங்கிலேயருக்கும் இந்த நோய் பழையது. பின்னாளில் லண்டன் ஆயராக விளங்கிய ரொபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட தமது ஆங்கில இலக்கண நூலில், வினையடை தான் தழுவும் சொல்லுக்கு அருகிலே நிற்க வேண்டும் என்று விதித்தார். 'ஒன்லி' என்ற சொல்லை இடந்தவறி வைப்பதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். 1926இல் ஃபௌலர் என்பார் தமது மொழிவழக்கு அகராதியில், பொருள் மயங்காதவிடத்து 'ஒன்லி' சற்றுத் தள்ளி நிற்பதைப் பிழையென்று பிடிவாதம் பிடிப்பவர்களைக் கேலி செய்தார். என் வாக்கு ஃபௌலருக்கே. ஆயினும் தமிழருக்கு இந்தச் சண்டை அவசியமேயில்லை. 'மட்டும்', 'தான்', ஏகாரம் ஆகியவற்றை உரிய சொல்லோடு ஒட்டியே பேசப் பழகியவர்கள் நாம்.

வேறொரு வகையிலும் தமிழ் நம்மைக் காப்பாற்றும். 'வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை அமைச்சர் புத்தளத்தில் சந்தித்தார்' என்பதை ஆங்கிலத்தில் கவனமின்றி எழுதினால், 'புத்தளத்தில்' என்பது கடைசியில் போய் நின்று, அவர்கள் புத்தளத்தில் வைத்து வெளியேற்றப்பட்டார்கள் என்ற மயக்கத்தைத் தரும். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு வந்து வேலி போட்டுவிடுகிறது. நமது இடறல் பெயரெச்சத்தில்தான். எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் பெயருக்கும் இடையே பிற சொற்கள் வரலாம் என்று இடைப்பிறவரலை அனுமதித்த நன்னூலார், ஏற்பன மட்டுமே வரலாம் என்றும் சொல்லிவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் அடைத்த பொத்தலை நான் தலைப்பொன்றில் திறந்துவிட்டேன்.

அதன்பின் மேசையில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். எச்சத்தைக் கண்டால் 'யார்?' என்று கேட்பேன். விடை, எச்சத்தை அடுத்து வரும் முதற் பெயராக இல்லையென்றால் வரிசையை மாற்றுவேன். மாற்றியும் மயங்கினால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுவேன். நீளம் கூடினால் கூடட்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னரும் ஓர் அடைமொழி என்னை மடக்கியது. 2009இல் போர் முடிந்தபோது, 2008 ஏப்ரலுக்குப் பின் வன்னியில் இடம்பெயர்ந்தோரைப் 'புதியவர்' என்றும், அதற்கு முந்தியோரைப் 'பழையவர்' என்றும் உதவி நிறுவனங்கள் பிரித்தன. ஆங்கிலத்தில் 'ஓல்ட் ஐடிபி'. புதியவர்களை மீள்குடியேற்றுவதே முதல் வேலையாயிற்று. நாங்களும் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்று எழுதினோம். இலக்கணப்படி 'பழைய' என்பது ஆட்களைத் தழுவுகிறது. பழையதாகிப்போனது இடப்பெயர்வல்லவா? அதுவும் பழையதாகவில்லை, தீராமல் நீண்டுகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பின்னர் 'நீடித்த' என்ற பொருள்தரும் சொல்லையும் பயன்படுத்தினார்கள். அதுவும் ஆட்களின் முன்னால்தான் நின்றது.

நான் அத்தொடரைக் கைவிட்டு, '1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்னும் திரும்பாதவர்கள்' என்று எழுதத் தொடங்கினேன். தலைப்புக்கு அது நீளம் என்று பக்க வடிவமைப்பாளர் முறையிட்டார். 'வெளியேறியவர்கள்' என்று சுருக்கலாமே என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்துப் போட்டோம்.