பலகை மாற்றம்: டிஜிட்டல் கேமரா வரலாற்றின் எழுதப்படாத பக்கம்

ஒளிப்படக் கருவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரோடு தொடங்கி, கருவி சந்தைக்கு வந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்கின்றனர். அக்கருவி பழுதானபோது அதைத் திறந்தவர் யார், எதை அகற்றி எதைப் பொருத்தினார் என்பவை அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்றின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்றுவது தேர்ந்த கைக்கு ஓரிரு மணி நேர வேலை. ஆயினும், பழுதுநீக்கும் அறிவு யாருடைய உடைமை என்ற கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பும் செயல் அதுவே என்று கருதுகிறேன்.

முதலில் பழைய கருவியை நோக்குவோம். வடோதராவில் தயாரிக்கப்பட்டு இந்திய நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு லென்ஸ், ஒரு சுருள்வில், ஒரு ஷட்டர் தகடு, ஃபிலிமைச் சுற்றும் திருகு ஆகியவையே முக்கிய உறுப்புகள். வில் தளர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். தகடு சிக்கினால் விரலுக்குத் தெரியும். உதிரி உறுப்பு கிடைக்காவிட்டால் அதைச் செய்துகொள்ளவும் முடியும். தமிழில் இத்தொழிலைப் ‘பழுதுபார்த்தல்’ என்கிறோம். பழுதைப் பார்ப்பதே அதன் முதற்பாதி என்பதைச் சொல்லே உணர்த்துகிறது.

டிஜிட்டல் கேமரா மாற்றியது இந்தப் ‘பார்த்தலை’த்தான். 1975இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய மாதிரிக் கருவி ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டது. 100க்கு 100 பிக்சல் அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அது 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. அதன் மின்சுற்றுகள் ஏறக்குறைய அரை டஜன் பலகைகளில் விரிந்திருந்தன. அவற்றை ஆய்வகத்தில் திறந்து, அளந்து, ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராக்கள் பரவியபோது, அச்சுற்றுகளில் பெரும்பகுதி பல அடுக்குகள் கொண்ட ஒற்றை முதன்மைப் பலகைக்குள் சுருங்கிவிட்டது. சில்லுகளின் இணைப்புப் புள்ளிகளோ அவற்றின் வயிற்றுக்கு அடியில் மறைந்தன. எந்த இணைப்பு விட்டுப்போயிற்று என்று தேடுவதைவிடப் பலகையையே மாற்றுவது மலிவாயிற்று. இதில் நிறுவனங்களின் சூழ்ச்சியை மட்டும் காண்பது சரியாகாது. கருவியைச் சிறிதாக்கியதன் விலையும் இதுவே.

ஆனால் பலகையை மாற்றுவதற்குத் திறமை வேண்டியதில்லை என்று எண்ணுவதும் தவறு. ஃபிளாஷுக்கான மின்தேக்கி, பேட்டரியைக் கழற்றிய பின்னும் சுமார் 300 வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதை முறையாக வடித்த பிறகே கைவைக்க வேண்டும். வெவ்வேறு நீளமுள்ள நுண்ணிய திருகுகளை இடம் மாற்றிப் பொருத்தினால் நீண்ட திருகு உள்ளே எதையேனும் துளைத்துவிடும். காகிதம் போன்ற ரிப்பன் கேபிள்களின் பூட்டை நகத்தின் மென்மையோடு விடுவிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து புதிய பலகையைப் பொருத்தினாலும் வேலை முடிவதில்லை. நம் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பல கேமராக்களில், அந்தக் குறிப்பிட்ட சென்சாரின் குறைபாடுள்ள பிக்சல்கள் எவை, அந்தக் குறிப்பிட்ட லென்ஸ் எந்த நிலையில் குவிகிறது, வெண்மையை எவ்வாறு சமன்செய்வது என்ற அளவீடுகள் தொழிற்சாலையிலேயே பதியப்பட்டு முதன்மைப் பலகையின் நினைவகத்தில் உறைகின்றன. வேறொரு கேமராவின் பலகையைப் பொருத்தினால் அந்தக் கேமராவின் அளவீடுகளும் உடன் வருகின்றன. அவற்றைத் திருத்தும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களில் மட்டுமே இருக்கும். உறுப்பு கடைத்தெருவுக்கு வந்தாலும் அறிவு நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

2005 அக்டோபரில் வெளிவந்த ஒரு செய்தி இந்நிலையின் மறுபக்கத்தைக் காட்டியது. சோனி தயாரித்த சிசிடி சென்சார்கள் சிலவற்றின் உட்கம்பி இணைப்புகள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் விட்டுப்போவது தெரியவந்தது. படம் ஊதாநிறமாகத் திரிந்தது, அல்லது முற்றிலும் கறுத்தது. சோனி மட்டுமன்றி கேனான், நிக்கான், ஃபுஜிஃபிலிம், கோனிகா மினோல்டா ஆகிய நிறுவனங்களின் கேமராக்களும் பாதிக்கப்பட்டன. அவற்றை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அந்நிறுவனங்கள் அறிவித்தன. வெவ்வேறு பெயர் பொறித்த கருவிகளின் வயிற்றுக்குள் ஒரே உறுப்பு இருந்ததைப் பழுதே உலகுக்கு அறிவித்தது. வெப்பமும் ஈரமும் இயல்பாக அமைந்த நம் கடற்கரை நகரங்களில் இருந்து இதைப் படிக்கும்போது, தொழிற்சாலைகளின் சோதனைகள் எந்த நாட்டுக் காற்றை மனத்தில் கொண்டு வகுக்கப்படுகின்றன என்ற கேள்வியும் எழுகிறது.

கொல்கத்தாவின் மெட்ரோ கலி, தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பையின் போரா பஜார் ஆகிய கேமராக் கடைத்தெருக்கள் இவ்வரலாற்றின் இந்தியக் களங்கள். நிறுவனத்தின் ஆதரவு நின்றுபோன கருவிக்குப் பழுதுநீக்குவோர் எங்கும் கையாளும் வழி ஒன்றே: இறந்த கேமராவின் உறுப்பால் இன்னொன்றைப் பிழைக்க வைப்பது. எந்த மாதிரியின் பலகை எதற்குப் பொருந்தும், எதில் அளவீடு தப்பும் என்ற அறிவு இங்கே எழுத்தில் இல்லை. கையிலும் நினைவிலும் இருக்கிறது.

அந்த நினைவுக்கு இப்போது காலக்கெடு வந்துவிட்டது. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கின. கைபேசியே கேமராவாகிவிட்டது. இந்திய அரசு 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, வேளாண் கருவிகள், கைபேசிகள், நுகர்பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றை முன்னுரிமைத் துறைகளாகக் கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. இனி வரும் கருவிகளுக்கு இது பயன்படலாம். ஏற்கெனவே கடைத்தெருவில் திரண்ட அறிவை அது பதிவு செய்யாது.

அப்பணி வரலாற்று மாணவர்களுடையது. ரசீதுப் புத்தகங்கள், கையெழுத்துக் குறிப்புகள், உறுப்புகள் நிறைந்த தகரப்பெட்டிகள், பழுதுநீக்குவோரின் வாய்மொழி ஆகியவையே நம் ஆவணங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் முதலில் அக்கடைத்தெருக்களுக்குச் செல்ல வேண்டும். ஆவணக் காப்பகம் காத்திருக்கும், ஒரு முதிய கைவினைஞரின் நினைவு காத்திராது.