கடல் கடக்கும் அணிகள்: பண்டத்தரிப்பிலிருந்து ஒரு நோக்கு

அமெரிக்க உதைபந்தாட்ட அணியொன்றை லண்டனில் நிரந்தரமாகக் குடியமர்த்தலாமா என்ற கேள்வி 2007ஆம் ஆண்டிலிருந்து ஓயாமல் எழுந்துவருகிறது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியும் மயாமி டொல்பின்ஸ் அணியும் வெம்பிளி மைதானத்தில் மோதின. அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் பருவகால ஆட்டமொன்று ஐரோப்பாவில் நடந்தது அதுவே முதற்றடவை. 2013இலிருந்து ஜக்சன்வில் ஜகுவார்ஸ் அணி பெரும்பாலான ஆண்டுகளில் லண்டனில் ஆடிவருகிறது. 2019இல் திறக்கப்பட்ட டொட்டன்ஹாம் மைதானத்தின் புற்றரைக்குக் கீழே இவ்வாட்டத்துக்கென்றே தனியொரு செயற்கைத் தரை பதிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஓரணிகூட அங்கே குடியேறவில்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. லண்டனுக்கும் லொஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே எட்டு மணிநேர வித்தியாசம். ஓரணியின் 53 வீரர்களும் குடும்பங்களும் இன்னொரு நாட்டின் குடிவரவுச் சட்டத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் உட்பட வேண்டும். புதிய வீரர்களை அணிகளே முறைவைத்துத் தெரிவு செய்வதால், வர விரும்பாத இளைஞனும் கடல் கடக்க நேரும். பருவத்தின் இடைநடுவே காயமடைந்தவருக்குப் பதிலாள் தேடினால், அவர் வேறொரு கண்டத்தில் இருப்பார். இவை மெய்யான தடைகள்தாம். ஆயினும் பணமும் சட்டத்தரணிகளும் விமான அட்டவணையும் தீர்க்கக்கூடியவை. தீர்க்கக் கடினமானது வேறொன்று: அணிக்குக் கீழே பாடசாலை, கிராமக் கழகம், நடுவர், பயிற்றுநர் என்று ஒரு படிவரிசை அந்த மண்ணில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கென 1991இல் தொடங்கிய உலக லீக் இதற்கு நல்ல சான்று. லண்டன் மொனார்க்ஸ் முதலாண்டிலேயே வெம்பிளியில் 60,000க்கு மேற்பட்டோர் முன்னிலையில் கிண்ணம் வென்றது. 1998உடன் அது மறைந்துபோனது. லீக்கே 2007இல் மூடப்பட்டது. அந்த இறுதிப் பருவத்தில் எஞ்சியிருந்த ஆறு அணிகளில் ஐந்து ஜேர்மனியில் இருந்தன. அங்கே அமெரிக்கப் படைமுகாம்கள் இருந்தன என்பது பாதி விடைதான். பிராங்பேர்ட்டில் 1977இலேயே உள்ளூர்க் கழகமொன்று தோன்றி, 1979இல் ஜேர்மனியர் தமக்கெனச் சொந்த லீக்கையும் நடத்தத் தொடங்கியிருந்தனர். மேலிருந்து இறக்கிய அணிகள், கீழே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில்தான் நின்று பிடித்தன.

அமெரிக்கர் ஒரு நிறுவனத்தைக் கொண்டுவந்து அயல்மண்ணில் நட்ட வரலாறு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1820இல் மருத்துவர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் நிலைகொண்டு வைத்தியசாலை நடத்தினார். அதே 1820இல் அச்சுக்கலைஞர் ஜேம்ஸ் கரற் வந்திறங்கியபோது, பதில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதி மறுத்தார். அவர் தீவைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வேலை அனுமதி என்ற சிக்கல் இன்று லண்டனில் புதிதாய்ப் பிறந்ததன்று.

அனுமதி கிடைத்தவர்களுள் நிலைத்த தடம் பதித்தவர் மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் கிறீன். அவர் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்காவிலிருந்து மருத்துவர்களைத் தொடர்ந்து இறக்குமதி செய்திருந்தால், அந்த வரவு நின்ற நாளிலேயே மருத்துவமும் நின்றிருக்கும். மதப்பரப்பும் விளையாட்டு வணிகமும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் மிஷன் எதற்காக வந்ததோ அதுவன்றி, அது கொண்டுவந்த பாடசாலையும் அச்சும்தான் இங்கு ஆழமாக ஊன்றின என்பதைக் கவனிக்க வேண்டும். மிஷனை எதிர்த்த ஆறுமுக நாவலரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடமும் நிறுவினார். எதிர்த்தவரும் எடுத்தாளும் அளவுக்கு ஒரு பொருள் பொதுவுடைமையானால், அது வேரூன்றிவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

அமெரிக்க உதைபந்தாட்டம் இலங்கையை எட்டிப்பார்த்ததும் உண்டு. 2011இல் அறிவிக்கப்பட்ட இந்திய எலைற் உதைபந்தாட்ட லீக்கில் இந்திய நகரங்களின் பெயர் தாங்கிய அணிகளோடு கொழும்பு லயன்ஸ் என்ற அணியும் இடம்பெற்றது. மைக் டிட்கா, கேர்ட் வார்னர், நடிகர் மார்க் வால்பேர்க் போன்றோர் முதலிட்டனர். 2012இல் முதற்பருவம் நடந்தது. பூனே மராத்தாஸ் வென்றது. பெரும்பாலான அணிகள் தத்தம் நகரத்து மக்கள் முன் ஆடவில்லை; ஆட்டங்கள் முன்கூட்டியே ஒளிப்பதிவாகித் தொலைக்காட்சிக்குப் போயின. அமெரிக்க ஆட்டத்துக்கு உறவான றகர் ஆட்டத்தில் நீண்ட மரபுள்ள நாடு இது. கண்டிக் கழகம் 1874இல் தோன்றியது. றோயல், திரித்துவக் கல்லூரிகள் 1945இலிருந்து பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. அந்தப் பாடசாலை மரபின்மேல் கட்டப்படாத ஒளிபரப்புத் திட்டம் ஆழ வேர்விடவில்லை.

பண்டத்தரிப்பு அமைந்த வலிகாமத்தின் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் உதைபந்தாட்டத்தால் பெயர்பெற்றவை. மாலையில் வெயில் தணிந்ததும் ஊர்ப் பொடியள் வெறுங்காலோடும் இறங்கி ஆடலாம். ஒரு பந்தும் இரண்டு கம்பங்களும் போதும். அமெரிக்க ஆட்டக்களம் முனைப்பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 110 மீற்றர் நீளமும் 49 மீற்றர் அகலமும் கொண்டது. முழு அளவு உதைபந்தாட்டத் திடலுக்குள் அது ஏறத்தாழ அடங்கிவிடும். அடங்காதது மற்றவைதாம். தலைக்கவசமும் தோட்கவசமும் இல்லாமல் அதை முறைப்படி ஆட முடியாது. இந்த வெக்கையில் அவற்றை அணிந்து ஓடுவதும் எளிதன்று. நியூயோர்க்கில் ஞாயிறு பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை, இங்குள்ள மாணவன் இரவு 10.30க்கோ, மாரியில் 11.30க்கோதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

அயலூர் அணியைப் பற்றிப் பேசும் நாம் நம் பெயரிலுள்ள அணியையும் பார்க்க வேண்டும். துடுப்பாட்டத்துக்கான லங்கா பிரிமியர் லீக்கில் 2020இல் ஜப்னா ஸ்ராலியன்ஸ் என்றும், 2021, 2022, 2024இல் ஜப்னா கிங்ஸ் என்றும் நான்கு தடவை கிண்ணம் வென்றது இவ்வணி. அந்த ஆட்டங்கள் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் நடந்தன. யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. சர்வதேசத் தரத் திடல் இங்கு இல்லை என்பது காரணம். ஆகவே ஒரே தீவுக்குள்ளேயே நமது அணி வெளியூரில் குடியிருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியிலிருந்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் இவ்வணிக்குள் நுழைந்ததைத்தான் இதன் மிகப் பெரிய பயனாக நான் மதிக்கிறேன். அது பாடசாலைத் துடுப்பாட்டம் என்ற படிவரிசை இருந்ததால் நேர்ந்தது.

மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025இல் அடிக்கல் நடப்பட்டது. அது எழும்வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. அணியுரிமை வழங்கும் அடுத்த உடன்படிக்கையில், யாழ்ப்பாணத்தின் பெயரைச் சூடும் நிறுவனம் ஆண்டுதோறும் இக்குடாநாட்டுப் பாடசாலைகளுக்குப் பயிற்றுநரையும் உபகரணங்களையும் தரவேண்டும் என்ற நிபந்தனையை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் எழுத்தில் சேர்க்க வேண்டும். வலிகாமத்துப் பாடசாலை அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் அதை இப்போதே கேட்க வேண்டும்.