போருக்கு முந்தைய நிலையும் சென்னைக் கோட்டையும் (1746–1749)

முன்னுரை

போர் முடிந்தபின், கைப்பற்றிய இடங்களைத் திருப்பியளித்துப் பழைய எல்லைகளையே மீண்டும் ஏற்பது உடன்படிக்கைகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் நெறியாகும். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை முடித்துவைத்த 1748ஆம் ஆண்டு அய்-லா-சபேல் உடன்படிக்கை இந்நெறியைப் பெரிதும் பின்பற்றியது. அதன்வழி ஆங்கிலேயர் திரும்பப் பெற்ற சென்னையைச் சான்றாகக் கொண்டு, இந்நெறியின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டையின் வீழ்ச்சி

1746 செப்டம்பரில் லா போர்டோனாய்ஸ் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படை புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. 11 இலட்சம் வராகன் மீட்புப்பணம் பெற்று நகரைத் திருப்பியளிக்க அவர் உடன்பட்டார். புதுச்சேரி ஆளுநர் டியூப்ளே அதனை ஏற்கவில்லை. நகரை ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீனிடம் ஒப்படைப்பதாக டியூப்ளே அளித்திருந்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. நவாப் தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அப்படையை அடையாற்றங்கரையில், பயிற்சி பெற்ற சிறிய பிரெஞ்சுப் படையொன்று முறியடித்தது.

உடன்படிக்கையும் பரிமாற்றமும்

வட அமெரிக்காவில் 1745இல் பிரெஞ்சுக்காரர் இழந்த லூயிபர்க் கோட்டை அவர்களுக்கே திரும்பியது. சென்னை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. தான் கைப்பற்றியிருந்த ஆஸ்திரிய நெதர்லாந்திலிருந்து பிரான்சு விலகியது. எனினும் சைலீசியா பிரஷ்யாவிடமே நிலைத்தமை, ஐரோப்பாவிலும் மீட்பு முழுமையடையவில்லை என்பதைக் காட்டுகிறது. சென்னை அமைந்த நாட்டின் ஆட்சியாளரான நவாப் இவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

மீளாத நிலைமைகள்

1749இல் ஆங்கிலேயரிடம் வந்த நகரம் பழைய நகரமாக இல்லை. கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் பாதுகாப்புக் கருதி இடித்திருந்தனர். அங்கு வாழ்ந்தோரின் இழப்பைக் கோட்டையின் கைமாற்றம் ஈடுசெய்யவில்லை. மாகாணத் தலைமையிடமும் உடனே சென்னைக்கு வரவில்லை. 1752 வரை கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையிலேயே இருந்தது. ஆங்கிலேயரும் பழைய எல்லையோடு அமையாமல், 1749இலேயே சாந்தோமைத் தம் வசப்படுத்தினர்.

இவற்றினும் ஆழமான மாற்றம் அடையாற்றில் நிகழ்ந்திருந்தது. போருக்கு முன்னர், தம் நாட்டில் ஐரோப்பியர் ஒருவரோடொருவர் பொருதலாகாது எனத் தடுக்கும் அதிகாரம் நவாபுக்கு உண்டு என்று இரு கும்பினியாரும் கருதினர். சிறுபடையொன்று நவாபின் சேனையை வென்றதும் அவ்வச்சம் அகன்றது. சந்தா சாகிபுக்கும் முசாபர் ஜங்குக்கும் டியூப்ளே படையுதவி அளித்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். இவ்வாறு, சென்னை கைமாறிய ஆண்டிலேயே அடுத்த போர் தொடங்கியது.

முடிவுரை

உடன்படிக்கை கோட்டையை உரியவரிடம் சேர்த்தது. ஆனால், நவாபின் அதிகாரத்தை மீட்கும் விதி எதுவும் அதில் இல்லை. போர்க்களத்தில் பெற்ற பாடத்தை மறக்கச்செய்யும் ஆற்றலும் அதற்கு இல்லை. போருக்கு முந்தைய நிலை என்பது எல்லைக்கோடுகளோடு, அவற்றைக் காத்துநின்ற அதிகாரச் சமநிலையையும் உள்ளடக்கியது. அச்சமநிலை குலைந்தபின் எல்லைகளை மட்டும் மீட்பது நிலையான அமைதிக்கு வழிவகுக்காது என்பதைக் கர்நாடகத்தின் வரலாறு உணர்த்துகிறது.