ஜப்பானிய வாள் பூண்கள்

பழைய ஜப்பானிய வாளில் அலகுக்கு ஒரு வயது, கைப்பிடிக்கும் உறைக்கும் வேறொரு வயது என்பதே பெரும்பாலும் நிலை. எஃகு பல நூற்றாண்டு நிற்கும். மரமும் பட்டுக்கயிறும் அரக்குப்பூச்சும் நிற்பதில்லை. உடையவர் மாறினாலும் வழக்கம் மாறினாலும் அதே அலகுக்குப் புதுப் பூண் ஏறும். அலகு நீங்கலான இந்த முழு அமைப்பைக் கொஷிராயே என்பர்.

அலகின் அடிப்பகுதி கைப்பிடிக்குள் நுழைந்து மெகுகி என்ற மூங்கில் ஆணியால் நிற்கிறது. ஆணியைத் தட்டி எடுத்தால் எல்லாம் தனித்தனியே கழன்றுவிடும். கைப்பிடி மரத்தின்மேல் சொரசொரப்பான திருக்கைத் தோலும் அதன்மேல் கயிற்றுச் சுற்றும் உண்டு. கயிற்றுக்கு அடியில் மெனுகி என்ற சிறு உலோக உருவங்கள் செருகப்படும். கைக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் தட்டு ட்சுபா. அது கை அலகின்மேல் வழுக்காமல் காக்கும். வாளின் எடையையும் சமன்செய்யும்.

தொடக்கத்தில் ட்சுபா பெரும்பாலும் வெறும் இரும்புத்தகடுதான். வாள் பூண்களைப் பொற்கலையாக்கியவர்களுள் முதன்மையானவர் அஷிகாகா மரபின் ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) யொஷிமாசாவிடம் பணியாற்றிய கோதோ யூஜோ (1440–1512). மெனுகியும், உறையில் செருகும் கொசுகா என்ற சிறுகத்திப் பிடியும், கோகாய் என்ற கொண்டை ஊசியும் அவர் குடும்பத்தின் சிறப்பு. அவர்கள் விரும்பிய உலோகம் ஷகுதோ. செம்பில் சில விழுக்காடு தங்கம் கலந்து, தாமிர உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் அது நீலம் ஓடிய கருமை கொள்ளும். அதன்மேல் மீன்சினைபோல் நெருக்கமான மணிமணியான புள்ளிகளை உளியால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். மனிதக் கையின் பொறுமைக்கு இதைவிடப் பெரிய சான்று உலோகக் கலையில் அரிது.

எடோ காலத்து (1603–1868) நீண்ட அமைதியில் வாள் உறையைவிட்டு வெளிவருவது குறைந்தது; வேலைப்பாடோ பெருகியது. ஷோகுனின் கோட்டைக்குக் கறுப்பு அரக்கு உறையும் ஷகுதோ பூணுமாகவே வரவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த இறுக்கத்திலிருந்து விலகி, நகரத்தாருக்காகச் செதுக்கியவர் யொகொயா சோமின் (1670–1733). உளியைச் சாய்த்து வெட்டித் தூரிகைக் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் உலோகத்தில் கொண்டுவந்தார். எனக்கு இந்த மரபின் உச்சம் அவர்தான்.

1876இல் மேய்ஜி அரசு பொதுமக்கள் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. பூண் கொல்லர்களின் பிழைப்பு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. கானோ நட்சுவோ (1828–1898) தப்பியவர். 1871இல் வெளிவந்த யென் நாணயங்களுக்கு வடிவம் தந்தவர் அவரே. ஆயிரக்கணக்கான ட்சுபாக்கள் வாளிலிருந்து பிரிந்து மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன.

அப்படிப் பிரிந்த ட்சுபாவின் வரலாற்றை அதன் துளைகளில் படிக்கலாம். அலகு நுழையும் நடுத்துளையின் ஓரங்களில் அடித்த செப்புத் துண்டுகள், அது வேறொரு அலகுக்குப் பொருத்தப்பட்டதைக் காட்டும். கொசுகாவுக்கோ கோகாய்க்கோ உரிய பக்கத்துளை அடைபட்டிருந்தால், பின்னாளில் ட்சுபா ஏறிய வாளில் அது இல்லை என்று கொள்ளலாம்.